பரணை விட்டு இறங்காத பூனையும் புதிதாக வந்த நாய்க்குட்டியும்

கேள்வி: பாளையங்கோட்டையில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். எங்களிடம் ஆறு வயதான ஆண் பூனை இருக்கிறது. செவலை என்று பெயர். கருத்தடை செய்திருக்கிறோம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு முறை போட்டதோடு சரி. சென்ற ஞாயிற்றுக்கிழமை என் தம்பி கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து 55 நாள் ஆன சிப்பிப்பாறைப் பெண் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். மின்னி என்று பெயர் வைத்து, புறவாசல் கதவருகே கட்டியிருக்கிறோம். அன்றிலிருந்து செவலை பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டு இரவில் மட்டும் இறங்குகிறது. சரியாகச் சாப்பிடுவதில்லை. நேற்று எங்கள் மெத்தையில் சிறுநீர் கழித்துவிட்டது. முந்தாநாள் என் ஒன்பது வயது மகன் அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் குட்டியின் முன்னால் நீட்டியபோது, சீறி, மின்னியின் மூக்கைப் பிறாண்டியது. என் கணவர் துடைப்பத்தை ஓங்கி விரட்டினார். இரண்டையும் ஒரே அறையில் விட்டுப் பூட்டினால் இரண்டு நாளில் பழகிவிடும் என்கிறார் மாமியார். குட்டிக்கு உண்ணி இருப்பதால் கழுத்தில் விடும் சொட்டு மருந்து ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பேசாமல் பூனையை என் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?

— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, செவலையை எங்கும் அனுப்ப வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பவற்றில், திருத்த முடியாதது என்று எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆனால் பழக்குவதைப் பற்றிப் பேசுவதற்கு முன் இன்றைக்கே கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகள் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, அந்தச் சொட்டு மருந்து. அதன் உறையை எடுத்து, சேர்க்கப்பட்டுள்ள மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள். பெர்மெத்ரின் என்று இருந்தால் அதைத் திறக்காமல் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாய்களுக்கு உண்ணி, தெள்ளுப்பூச்சி போக்குவதற்காக விற்கப்படும் சில சொட்டு மருந்துகளில் இது செறிவாகச் சேர்க்கப்படுகிறது. நாயின் கல்லீரல் இதைச் சிதைத்து வெளியேற்றிவிடும்; பூனையின் கல்லீரலுக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு. பூனையின் மேல் நேரடியாக விட்டால்தான் ஆபத்து என்பதில்லை. மருந்து விட்ட நாயோடு உரசினாலும், அந்த நாய் படுத்த சாக்கில் படுத்து எழுந்து தன் உடம்பை நக்கினாலும் நஞ்சு உள்ளே போய்விடும். காது துடிப்பது, தோல் சிலிர்த்துச் சிலிர்த்து அடங்குவது, எச்சில் வழிவது என்று தொடங்கிச் சில மணி நேரத்தில் வலிப்பில் கொண்டுபோய்விடும். என் மருத்துவமனைக்கு இப்படி வந்த பூனைகளில் எல்லாவற்றையும் என்னால் காப்பாற்ற முடியவில்லை. கொண்டுவந்தவர்கள் அனைவரும் தங்கள் நாய்க்கு நல்லது செய்ய நினைத்தவர்களே. பூனைக்கு அது ஆகாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை என்பதால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். மாட்டுக்கு உண்ணி போகத் தெளிக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டும் வழக்கமும் நம் ஊர்களில் உண்டு. பூனை இருக்கும் வீட்டில் அதுவும் கூடாது. 55 நாள் குட்டிக்கும் அது நல்லதல்ல. மின்னியின் உண்ணிகளை இப்போதைக்குச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிடுங்கள். மருந்து வேண்டுமா, எது வேண்டும் என்பதைக் குட்டியின் எடையைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். அவரிடம் வீட்டில் பூனை இருப்பதை நீங்களாகவே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, மெத்தையில் கழித்த சிறுநீர். பூனை கோபத்தில் பழிவாங்கிவிட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டிருப்பீர்கள். அப்படியில்லை. செவலை ஆறு ஆண்டுகளாக எந்த வழியாக வெளியே போய் மண்ணைத் தோண்டிக் கழித்துவிட்டு வந்தது என்று சற்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் எழுதவில்லை என்றாலும், புறவாசல் வழியாகத்தான் என்பது என் ஊகம். அந்தக் கதவருகில்தான் இப்போது குட்டியைக் கட்டியிருக்கிறீர்கள். நமக்குக் கழிப்பறையின் வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அதற்கும். அடக்கிப் பார்த்து, முடியாமல், மண்ணைப் போல மிருதுவாகவும் உங்கள் மணம் உள்ளதாகவும் இருந்த ஓர் இடத்தில் கழித்திருக்கிறது.

ஆனால் இதில் ஒரு மருத்துவக் கவலையும் எனக்கு உண்டு. அச்சமும் மன அழுத்தமும் பூனையின் சிறுநீர்ப்பையில் அழற்சியை உண்டாக்கக்கூடியவை. ஆண் பூனைக்குச் சிறுநீர்த்தாரை மிகவும் குறுகலானது என்பதால், அந்த அழற்சியில் அது அடைத்துக்கொள்ளவும் வாய்ப்பிருக்கிறது. செவலை அடிக்கடி குந்தி உட்கார்ந்து முக்கினாலோ, சொட்டுச் சொட்டாக மட்டும் போனாலோ, இரத்தம் கலந்திருந்தாலோ, பின்பக்கத்தை ஓயாமல் நக்கினாலோ, வயிற்றைத் தொட்டதும் கத்தினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முழுவதும் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாள்களில் உயிர் போய்விடும். அதேபோல உணவையும் கவனியுங்கள். ஒரு நாள் முழுவதும் ஒன்றும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பட்டினி அதற்கு மேல் நீளும்போது, அதிலும் உடல் பருத்த பூனை என்றால், உடம்பில் உள்ள கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து, பிறகு பசியே எடுக்காத நிலை வந்துவிடும். நாய் பசி எடுத்தால் தானாகச் சாப்பிடும் என்று விட்டுவிடலாம். பூனையை அப்படி விடக் கூடாது.

இனி உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. ஊரில் மாடும் நாயும் பூனையும் கோழியும் ஒரே முற்றத்தில்தான் கிடந்தன. யாரும் எதையும் உட்கார்ந்து பழக்கவில்லை. ஆனால் அங்கே பூனைக்கு ஓட்டுக்கூரை இருந்தது, வைக்கோற்போர் இருந்தது, தாவி ஏற ஒரு வேப்பமரம் இருந்தது. நாய் பிடிக்கவில்லை என்றால் பூனை போய்விடும், மனம் வந்தபோது திரும்பி வரும். அதைப் பழக்கியது அந்தத் திறந்த வழிதான். பூட்டிய அறையில் நாம் பறிப்பது சரியாக அதைத்தான். தப்பிக்க வழியில்லாத பூனைக்கு நகத்தைத் தவிர வேறு ஆயுதமில்லை, அந்த நகத்தின் உயரத்தில்தான் குட்டியின் கண்கள் இருக்கின்றன. பூனை பிறாண்டியதில் கருவிழி கிழிந்து வந்த நாய்க்குட்டிகளுக்கு நான் சிகிச்சை அளித்திருக்கிறேன். மின்னிக்கு மூக்கோடு போனது நல்லகாலம். அதன் கண்ணை இன்று வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். நீர் வடிந்தாலோ, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டே இருந்தாலோ, கண்ணில் வெண்மை தெரிந்தாலோ இன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அந்த வீடு செவலையினுடையது. ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு மூலையிலும் தன் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து, தன் மணத்தால் அது எல்லை போட்டு வைத்திருக்கிறது. மின்னி விருந்தாளியாக வந்து, இனிமேல்தான் குடும்பத்தில் ஒருத்தியாக வேண்டும். ஆகவே இரண்டும் எப்போது சந்திப்பது, எவ்வளவு நெருங்குவது, எப்போது விலகுவது என்பதையெல்லாம் பூனைதான் முடிவு செய்ய வேண்டும். நம் வேலை, அது அந்த முடிவை அச்சமில்லாமல் எடுக்க வழி செய்து கொடுப்பதும், குட்டி அந்த முடிவை மதிக்கக் கற்றுக் கொடுப்பதும் ஆகும்.

இன்றே குட்டியைப் புறவாசலிலிருந்து மாற்றிவிடுங்கள். முன்பக்கத்தில், நீங்கள் நடமாடும் இடத்தில், ஒரு மூலையை அதற்கு ஒதுக்குங்கள். தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் விட்டுப் பிரிந்து வந்து ஒரு வாரம்கூட ஆகாத உயிர் அது. கதவருகில் தனியாகக் கட்டிப்போட்டால் அழும், அந்த அழுகையே செவலையை மேலும் பரணில் ஒடுங்க வைக்கும். செவலைக்கு ஓர் அறையை முழுவதுமாகக் கொடுங்கள். அங்கே ஒரு மூலையில் அகலமான பிளாஸ்டிக் தட்டில் மூன்று விரற்கடை ஆழத்துக்குச் சலித்த மணலும், அதற்கு எதிர்மூலையில் உணவும் தண்ணீரும் இருக்கட்டும். பூனை கழிக்கும் இடத்தருகே உண்ணாது. நகம் கீற ஒரு பழைய சாக்கைக் கட்டித் தொங்கவிடுங்கள். நீங்கள் உடுத்திய பழைய சேலை ஒன்றை மடித்துப் படுக்கையாகப் போடுங்கள். பரணிலிருந்து அதை வலுக்கட்டாயமாக இறக்க வேண்டாம். அவித்த நெத்திலி இரண்டை அந்த அறையில் வைத்துவிட்டு, குட்டியைக் கொஞ்ச நேரம் வெளியே கொண்டுபோய்விடுங்கள், தானாக வரும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

மெத்தையைச் சோப்புத் தண்ணீராலும், பிறகு வினிகர் கலந்த நீராலும் துடைத்து வெயிலில் காய வையுங்கள். குட்டி தரையில் கழிக்கும் சிறுநீரையும் அப்படியே துடையுங்கள்; பினாயில் போடாதீர்கள். பூனை அந்தத் தரையில் நடந்து, பாதத்தை நக்கி, அந்த நஞ்சை விழுங்கிவிடும். புண்ணுக்குப் போடும் மணமுள்ள கிருமிநாசினித் திரவங்களும் பூனைக்கு ஆகாதவையே. மின்னியின் மூக்குக் காயத்தை வெறும் உப்புக் கரைசலில் துடைத்தால் போதும்.

முதல் நான்கைந்து நாள்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டாம். மணத்தால் மட்டும் அறிமுகமாகட்டும். ஒரு சுத்தமான துண்டை எடுத்துச் செவலையின் கன்னத்திலும் தாடையிலும் மெல்லத் தடவி, அதைக் குட்டியின் படுக்கையருகே போடுங்கள். குட்டியின் முதுகைத் துடைத்த துண்டைச் செவலையின் அறைக்குள், உணவுத் தட்டிலிருந்து நான்கடி தள்ளி வையுங்கள். செவலை அதை முகர்ந்து பார்த்துச் சீறினால், துண்டை இன்னும் தள்ளி வையுங்கள். முகர்ந்துவிட்டு அலட்சியமாகப் போய் உண்டால், மறுநாள் ஓரடி அருகே நகர்த்தலாம். நாளுக்கு இரண்டு முறையாவது, குட்டி தோட்டத்துக்குப் போயிருக்கும் நேரத்தில், செவலை வீடு முழுவதும் உலவ வேண்டும். தன் பழைய இடங்களில் எல்லாம் புது மணத்தை அது தன் விருப்பப்படி ஆராய்ந்து, அதன் மேல் தன் கன்னத்தைத் தேய்க்கத் தொடங்குமானால், பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே மீதிப் பாதியையும் பொறுமையாகத் தாண்டலாம், அவசரமில்லை.

அடுத்து, மூடிய கதவின் இரு பக்கமும் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் உணவு வையுங்கள். கதவிலிருந்து எவ்வளவு தொலைவில் வைத்தால் செவலை நிம்மதியாக உண்கிறதோ அங்கிருந்து தொடங்கி, வேளைக்கு அரையடி வீதம் நெருங்கி வாருங்கள். மறுபக்கத்திலிருந்து வரும் நாயின் மூச்சும் மணமும், வயிறு நிறையும் இன்பத்தோடு சேர்ந்து அதன் மனத்தில் பதிய வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

பிறகுதான் கண்ணால் பார்ப்பது. கொசுவலைக் கதவு இருந்தால் அது இதற்கு மிகவும் ஏற்றது. இல்லையென்றால் இடுப்பளவு உயரத்தில் கம்பித் தடுப்பு ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருவர் இருக்கும் நேரமாக, குட்டி ஓடியாடிக் களைத்து, வயிறு நிறைந்து, சிறுநீர் கழித்துவிட்டு இருக்கும் பொழுதாகப் பாருங்கள். கழுத்துப் பட்டையை விட மார்போடு அணியும் பட்டையில் வார் கட்டுவது நல்லது. கழுத்து இறுகும் வேதனையைக் குட்டி பூனையோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒருவர் குட்டியோடு தரையில் உட்கார வேண்டும். குட்டி பூனையைப் பார்த்த மறுநொடி, அதன் பார்வை நிலைகுத்துவதற்கு முன்பே, பெயரைச் சொல்லி அழையுங்கள். உங்கள் பக்கம் திரும்பினால், பட்டாணி அளவு அவித்த கோழி இறைச்சி ஒரு துண்டு. மறுபடி பார்க்கும், மறுபடி அழையுங்கள், மறுபடி ஒரு துண்டு. ஐந்து நிமிடம் போதும். இரண்டில் ஒன்று அமைதியிழப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். இப்படி நாளுக்கு மூன்று முறை செய்து வந்தால், சில நாள்களில் பூனையைக் கண்டதும் குட்டி தானாகவே உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும்.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்கு மின்னியின் இனமும் ஒரு காரணம். சிப்பிப்பாறை, தென்மாவட்டக் கரிசல் காடுகளில் முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனம். இராஜபாளையம் காவலுக்கும் வேட்டைக்கும் பெயர் பெற்றது என்றால், சிப்பிப்பாறையின் உடம்பு முழுவதும் ஓட்டத்துக்காகவே செதுக்கியது. மணத்தைப் பின்தொடர்வதை விட, கண்ணெதிரே ஓடும் சிறிய உருவத்தைத் துரத்திப் பிடிப்பதுதான் அதன் இரத்தத்தில் இருப்பது. இன்று மின்னி செவலையை விடச் சிறியவள். சில மாதங்களில் அவள் பூனையை விட மும்மடங்கு எடையோடு, ஓட்டத்தில் எந்தப் பூனையையும் எட்டிப் பிடிக்கும் நிலைக்கு வந்துவிடுவாள். ஆகவே பூனை ஓட, குட்டி துரத்த, பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கிறதே என்று வீட்டார் சிரிக்கும் அந்த விளையாட்டு ஒரு முறைகூட நடக்கக் கூடாது. துரத்துவதன் சுவையை அறிந்துகொண்ட பிறகு அதை மறக்கடிப்பது பெரும்பாடு. அதே சமயம், இந்த இனத்து நாய் பூனையோடு வாழ முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரையிலான காலம், எதை உறவாகக் கொள்வது, எதை இரையாகவோ பகையாகவோ காண்பது என்று மனத்தில் எழுதிக்கொள்ளும் காலம். உங்கள் தம்பி குட்டியைக் கொண்டுவந்த வேளை நல்ல வேளை. ஆறு வாரம் உங்கள் கையில் இருக்கிறது. குட்டிகளை எட்டு வாரம் நிறையும் முன் விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகளே சொல்கின்றன. மின்னி அந்த எல்லைக்கு ஒரு நாள் முன்பே வந்துவிட்டாள் என்பதால், கடிக்கும் வேகத்தை அடக்கிக்கொள்ள உடன்பிறந்தவர்களிடம் அவள் கற்றுக்கொண்டது சற்றுக் குறைவாக இருக்கலாம். கையைக் கடித்து விளையாட விடாமல் ஒரு பொம்மையைக் கொடுத்துத் திருப்புங்கள்.

தடுப்பில்லாமல் ஒரே அறையில் விடும் நாள் வரும்போதும் குட்டியின் வார் உங்கள் கையில் இருக்க வேண்டும். செவலைக்குத் தரையில் இறங்காமலேயே அறையை விட்டு வெளியேற ஒரு வழி இருக்க வேண்டும். பீரோவின் மேல்பகுதி, ஜன்னல் திண்டு, பரண் இவற்றை இணைக்கும் வகையில் ஐந்தடி உயரத்துக்குக் குறையாமல் இரண்டு பலகைகளை அடித்துக் கொடுங்கள். தச்சரின் அரை நாள் வேலைதான். இந்த வீட்டுக்கு நீங்கள் செய்யும் செலவுகளில் மிகுந்த பலன் தருவது இதுவாகத்தான் இருக்கும். மேலே உட்கார்ந்து பார்க்கிற பூனைக்கு அச்சம் குறைந்து ஆவல் பிறக்கும்.

இரண்டின் மொழியும் வேறு என்பதை மகனுக்குச் சொல்லிக் கொடுங்கள். நாய் தளர்வாக வாலை ஆட்டினால் மகிழ்ச்சி. பூனை வாலை விசிறியடித்தால் எரிச்சல். குட்டி முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கினால் விளையாட வா என்று கூப்பிடுகிறது. பூனையின் கண்ணுக்கு அது பாயப் போகிற மிருகம். செவலையின் காது தலையோடு ஒட்டிப்போய், கண்மணி விரிந்து, முதுகு மயிர் சிலிர்த்து நின்றால் உடனே குட்டியை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். குட்டி குரைத்துத் துள்ளினால்கூட நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன். ஒலியே இல்லாமல், உடம்பு விறைத்து, கண் இமைக்காமல் பூனையையே பார்த்து நின்றால்தான் கவலை. அது வேட்டையின் முதல் படி. குட்டிக்கும் பூனைக்கும் நடுவே நீங்கள் வந்து நின்று, அந்தப் பார்வையை மறைத்து, அழைத்துச் செல்லுங்கள்.

செவலை சீறியதற்காக அதைத் தண்டித்தது தவறு என்பதை உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். சீறல் தாக்குதல் ஆகாது. தாக்காமல் இருப்பதற்காகப் பூனை கொடுக்கும் எச்சரிக்கை அது. நன்றாக வளர்ந்த பூனையின் ஒரு சீறலிலிருந்து குட்டி கற்றுக்கொள்ளும் மரியாதையை நாம் பத்து நாள் பாடம் நடத்தினாலும் கற்றுத்தர முடியாது. சீறியதும் துடைப்பம் வந்தால், அடுத்த முறை பூனை சீறாது, நேராக நகத்தை வீசும். அதோடு, நாய் வந்தால் அடி விழும் என்று கணக்கும் போட்டுக்கொள்ளும். மகன் பூனையைத் தூக்கி நீட்டியதும் அன்பினால்தான் என்று தெரியும். என்றாலும் கையில் பிடித்த பூனைக்கு ஓட வழியில்லை என்பதை அவனிடம் எடுத்துச் சொல்லுங்கள். அன்று மூக்கில் பட்ட நகம் அவன் முகத்தில் பட்டிருக்கலாம். அவனுக்கு ஏதேனும் கீறல் பட்டிருந்தால், செவலை வெளியே உலவும் பூனை, தடுப்பூசியும் காலாவதியாகிவிட்டது என்பதால், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனையில் காட்டி ஊசி போட்டுக்கொள்வதே முறை. சிறிய கீறல்தானே என்று விட்டுவிட வேண்டாம்.

தடுப்பூசி பற்றி எழுதும்போது இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். மின்னிக்கு இந்த வாரமே முதல் கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் ஆகும் வரை தொடர வேண்டும்; மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி. குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் 1970களின் இறுதியில் பூனைகளின் வைரஸோடு நெருங்கிய உறவுடைய ஒன்றிலிருந்து தோன்றியது; அதன் இன்றைய வகைகள் பூனைகளையும் பற்றக்கூடியவை. ஆகவே ஆறு வயதுப் பூனைக்கு இனி எதற்கு என்று எண்ணாமல், செவலைக்கும் பூனைகளுக்கான கூட்டுத் தடுப்பூசியும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடுங்கள். ஆனால் பரணை விட்டு இறங்கவே அஞ்சும் இந்த நாள்களில் அதைக் கூடையில் அடைத்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். சிறுநீர் சரியாகப் போய், உணவும் எடுக்கிறது என்றால் பத்து நாள் பொறுத்துச் செய்யலாம்.

சாப்பாட்டு விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால், செவலையின் தட்டு இனி எப்போதும் குட்டிக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். குட்டி பூனை உணவைத் திருடினால் வயிறு கெடும், பூனைக்குத் தன் தட்டருகே நிம்மதி போய்விடும். குட்டிக்கு வைக்கும் உணவைப் பூனைக்குத் தொடர்ந்து கொடுப்பதும் சரியல்ல, பூனைக்கு இறைச்சிப் புரதமும் அதிலுள்ள டாரின் என்ற சத்தும் கூடுதலாகத் தேவை. மணல் தட்டையும் குட்டி நுழைய முடியாத இடத்தில் வையுங்கள். நாய்க்குட்டிகள் பூனையின் மலத்தைத் தேடித் தின்னும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் அது இயல்புதான், புழுத் தொல்லைதான் கவலை. பால்சோறு கொடுத்துக்கொண்டிருந்தால் பாலைக் குறையுங்கள், கழிச்சல் ஏற்படும்.

எவ்வளவு நாள் ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை. என்றாலும் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். சில வீடுகளில் மூன்று வாரம், சில வீடுகளில் மூன்று மாதம். ஆறு வயதுப் பூனை என்பதால் மூன்று வாரத்தை எதிர்பார்க்காதீர்கள். ஒருநாள் முன்னேறி மறுநாள் பின்வாங்குவதும் நடக்கும். அப்போது முந்தைய படிக்குத் திரும்பி இரண்டு நாள் அங்கேயே இருங்கள். இரண்டும் ஒரே சாக்கில் சுருண்டு படுக்கும் படங்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். உங்கள் வீட்டில் அது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். ஒன்று திண்ணையிலும் ஒன்று ஜன்னலிலும் படுத்து, ஒன்றைப் பற்றி ஒன்று கவலைப்படாமல் தூங்கினால் அதுவே முழு வெற்றி. நீங்கள் செவலைக்குப் பட்ட கடனும் அந்தத் தூக்கம்தான்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும், மின்னிக்கு ஒன்றரை வயது நிறையும் வரை, நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் இரண்டையும் தனித்தனி அறையில் வைத்துவிட்டே வெளியே செல்லுங்கள். ஏழெட்டு மாதத்தில் வேட்டை உணர்வு அவளுக்குள் முழுமையாக விழிக்கும். வீட்டுக்குள் செவலையின் பக்கத்தில் படுத்துத் தூங்குகிற அதே நாய், தோட்டத்தில் அது தலைதெறிக்க ஓடுவதைக் கண்டால் யாரென்று அடையாளம் காண்பதற்கு முன்பே பாய்ந்துவிடக்கூடும். அண்டை வீட்டுப் பூனைகளுக்கு அந்த உறவின் பாதுகாப்புகூடக் கிடையாது. ஆகவே தோட்டத்துக்குப் போகும்போது மின்னிக்கு வார் கட்டியே அழைத்துச் செல்லுங்கள். அவள் திரும்பி வந்து கதவு சாத்தப்பட்ட பிறகு, செவலைக்கு அதன் பழைய புறவாசலைத் திறந்து விடுங்கள்.